ஊசிக்கு முன் ஒன்பது கேள்வி

அந்தக் கிளினிக்கின் வாசலில் ‘ஐந்தே நிமிடத்தில் கால் அழகு’ என்று ஆளுயரப் பலகை ஒன்று வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண் முழங்காலுக்குக் கீழே மட்டும் நின்றுகொண்டிருந்தாள். மீதி உடம்பு எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அங்கே வேலை பார்க்கிற நர்ஸ் பதில் தயாராக வைத்திருந்தாள். “மீதிக்கு வேற டாக்டரப் பாக்கணும். இவருக்குக் கால் மட்டும்தான் தெரியும்” என்பாள்.

நாற்பத்தொன்பது வயது அவளுக்கு. கிளினிக்கில் சட்டாம்பிள்ளை என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள், ஆனால் அவள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. வகுப்பு முழுக்க மக்காக இருந்தால் யாராவது ஒருத்தர் சட்டாம்பிள்ளையாக இருந்துதானே ஆக வேண்டும்.

முதல் மக்கு டாக்டர். முகப்பருவுக்குக் களிம்பு எழுதிக்கொண்டிருந்த தோல் டாக்டர், எங்கேயோ இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்து, அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, கால் டாக்டர் ஆகிவிட்டார். கை நல்ல கை. அதை அவளே ஒப்புக்கொள்வாள். நூல் மாதிரி இருக்கிற ரத்தக்குழாயில்கூட ஒரே குத்தில் ஊசி இறங்கிவிடும். பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது.

இரண்டாவது மக்கு டாக்டரின் மனைவி. அந்த அம்மாள்தான் மேனேஜர். ஊசி போட வருகிறவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பதினெட்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆளாளுக்கு உட்கார்ந்து யோசித்துக் குறி போட்டால் நேரம் ஓடுகிறது என்று, அம்மாள் ஒரு படிவத்தில் எல்லா ‘இல்லை’யிலும் தானே குறி போட்டு, அதை அப்படியே நூறு ஜெராக்ஸ் எடுத்து அடுக்கிவிட்டாள். வருகிறவர்கள் அடியில் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. மீசை வைத்த லாரி டிரைவர் ஒருவர் தான் கர்ப்பமாக இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பூப்போட்ட கையெழுத்து வேறு.

மூன்றாவது மக்குக் கூட்டம் கால்களோடு வருகிறவர்கள். நாளெல்லாம் நின்றே வேலை செய்து, ரத்தக்குழாய் பச்சையாகப் புடைத்துச் சுருண்டு, கால் கனத்து, ராத்திரி கெண்டைக்கால் இழுத்து, இனிமேல் முடியாது என்ற பிறகுதான் வருவார்கள். வந்து “நரம்பு சுருட்டிக்கிச்சு” என்பார்கள். நரம்பு இல்லை, ரத்தக்குழாய் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு தேய்ந்துவிட்டது. ஊசி போட்டதும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னால், வராந்தாவில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். இறுக்கமான காலுறையைப் பகலெல்லாம் போட்டிருக்கச் சொன்னால், வீட்டு வாசல் தாண்டியதும் உருவி எறிவார்கள்.

ஊசி மருந்தின் விஷயம் இதுதான். அது குணப்படுத்துகிற மருந்து இல்லை, புண்ணாக்குகிற மருந்து. கெட்டுப்போன ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கினால் அது தானாக ஒட்டிக்கொண்டு மூடிவிடும். ரத்தம் வேறு நல்ல வழி பார்த்துக்கொள்ளும். இதற்காக மருந்தை ஒரு சிரிஞ்சிலும் காற்றை இன்னொரு சிரிஞ்சிலும் எடுத்து, நடுவில் குழாய் வைத்து, இங்குமங்கும் இருபது தரம் தள்ளினால் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக வரும். அந்த நுரைக்கு ஆயுசு ஒன்றிரண்டு நிமிடம். ஸ்கேன் திரையைப் பார்த்தபடி அதற்குள் ஏற்றிவிட வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து டாக்டருக்கு போன் வரும். அவர் பேசி முடித்துத் திரும்புவதற்குள் நர்ஸ் சிரிஞ்சைக் குப்பையில் போட்டிருப்பாள்.

“நுரை செத்துப்போச்சு டாக்டர். வேற கலக்குறேன்.”

“மருந்து சும்மாவா வருது?”

“சும்மா வரல. கால் மட்டும் சும்மாவா வருது?”

அவளுக்கு எதில் பயம் என்றால் ஒன்றே ஒன்றில்தான். மேலே தெரிகிற ரத்தக்குழாய் மூடலாம், மூட வேண்டும். ஆழத்தில் சதைக்குள் ஓடுகிற பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிவிடக் கூடாது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மேலே ஏறி நுரையீரலில் போய் அடைத்தால் ஆள் நின்ற இடத்தில் விழுந்துவிடுவார். யாருக்கு அப்படிக் கட்டுமென்று முன்கூட்டியே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். கேட்டால் போதும். ஏற்கெனவே ஒரு தரம் கட்டியவர்கள், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்கள், ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இவர்களை நிறுத்திவைத்து, யோசித்து, தேவையானால் மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழித்து வரச் சொல்ல வேண்டும்.

மேனேஜரம்மாவின் ஜெராக்ஸை நம்பினால் உலகத்தில் ஒருத்தருக்கும் ஒரு வியாதியும் இல்லை. அதனால் அவளாகவே ஒரு வழக்கம் ஏற்படுத்தினாள். பதினெட்டில் உயிர் போகிற கேள்விகளாக ஒன்பதைப் பொறுக்கினாள். ஆள் மேஜையில் படுத்த பிறகு, டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, ஒன்று, இரண்டு என்று எண் சொல்லி, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி கணீரென்று கேட்பாள். படுத்திருக்கிறவர் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. ஒன்பதும் முடியாமல் டாக்டர் சிரிஞ்சைத் தொடக் கூடாது.

“காகிதத்துல யாரும் பொய்க் குறி போடலாம். நாலு பேர் முன்னாடி, என் மூஞ்சியப் பாத்து, வாய் விட்டுப் பொய் சொல்லட்டும் பாப்போம்” என்பாள். ஒன்பது வருஷம், நாலாயிரம் காலுக்கு மேல். ஒரு காலுக்குக்கூட ஆபத்து வந்ததில்லை. இதைச் சொல்லும்போது அவள் கழுத்து தானாகக் கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும், அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது என்றுதான் அப்போதெல்லாம் தோன்றும்.

அவளுடைய நாத்தனார், அதாவது கணவருடைய தங்கை, ஒரு பியூட்டி பார்லர் நடத்தினாள். வயது நாற்பத்துநாலு. கணவன் இறந்து ஏழு வருஷம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். காலை ஒன்பது முதல் ராத்திரி எட்டு வரை நாற்காலிக்குப் பின்னால் நின்று ஊரார் தலையை வெட்டியும் சாயம் பூசியும் அவளுக்கு இடது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை பச்சையாகப் புடைத்துவிட்டது. நர்ஸுக்கு அந்தத் தொழில்மேல் பெரிய மரியாதை கிடையாது. புருவத்தைப் பிடுங்குவதற்கு ஒரு கடை, பிடுங்கியதைத் திரும்ப வரைவதற்கு இன்னொரு கடை என்பாள். ஆனாலும் நாத்தனார்மேல் பாசம் உண்டு. அவளே நச்சரித்து, நாள் குறித்து, ஊசிக்கு வரச் சொன்னாள்.

வந்த அன்று கூடவே அண்ணனும் வந்தார், நர்ஸின் கணவர். பஸ் டெப்போவில் வண்டி போகிற வருகிற நேரம் எழுதுகிறவர். ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. அவரிடம் காலையில் ஒன்றைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் கடைசி பஸ்ஸின் கண்டக்டருக்கும் தெரிந்திருக்கும். தங்கை தனியாக இருக்கிறாள் என்பதால் அவள் எங்கே போகிறாள், யார் வருகிறார்கள் என்று விசாரிக்கிற பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி செய்கிற வேலையைப் பற்றி மட்டும் இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நாளும் விசாரித்ததில்லை. “எங்க வீட்டு ஊசிக்காரி” என்று சிரித்துக்கொண்டே அறிமுகப்படுத்துவார்.

சிகிச்சை அறைக்குள் சொந்தக்காரர்களை விடுவது வழக்கமில்லை. விடக் கூடாது என்று சட்டம் போட்டவளே சட்டாம்பிள்ளைதான். அன்றைக்குத் தங்கைக்கு ஊசி என்றால் பயம், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று அவர் சொன்னதும், “சரி, ஓரமா நில்லுங்க” என்று விட்டுவிட்டாள். அவர் பார்க்கட்டும் என்று இருந்தது. ஒரு டாக்டர், அத்தனை படித்தவர், இந்த ஊசிக்காரி வாய் மூடுகிறவரை கை கட்டி நிற்பதை ஒரு தரம் கண்ணால் பார்க்கட்டும்.

நாத்தனார் மேஜையில் படுத்தாள். தட்டில் மருந்துக் குப்பி, சிரிஞ்சுகள், ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய ஊசி, எல்லாம் ஒழுங்காக இருந்தன. கணவர் தங்கையின் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். டாக்டர் கை கட்டினார். நர்ஸ் வழக்கத்தைவிட ஒரு படி மேலே குரலை எடுத்தாள்.

“ஒன்னு. ஊசி, மாத்திரை ஏதாவது ஒத்துக்காம உடம்பு தடிச்சிருக்கா, மூச்சு முட்டியிருக்கா?”

“இல்ல அண்ணி.”

“ரெண்டு. கால்லயோ நெஞ்சுலயோ ரத்தம் கட்டி ஆஸ்பத்திரில இருந்திருக்கியா?”

“இல்ல.”

மூன்று, நான்கு என்று போயிற்று. கணவரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. அது அவளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. ஐந்து, ஆறு முடிந்து ஏழு வந்தது.

“ஏழு. கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரை எதாவது சாப்பிடுறியா?”

எப்போதும் அதோடு நிறுத்துவாள். அன்றைக்குக் கூட்டம் சேர்ந்த உற்சாகத்தில் வாய் நிற்கவில்லை. “கேக்காம விடக் கூடாதேன்னு கேக்குறேன். இது புருஷன் இருக்கிறவங்களுக்கு எழுதின கேள்வி. உனக்கு எதுக்கு அந்தக் கண்றாவி” என்றாள்.

கணவர் பலமாகச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். கடைசியாக நாத்தனாரும் சிரித்தாள்.

“அதெல்லாம் எதுவும் இல்ல அண்ணி.”

“எட்டு” என்றாள் நர்ஸ்.

மற்றதெல்லாம் புத்தகத்தில் போட்ட மாதிரி நடந்தது. மருந்தின் பெயர், வீரியம், காலாவதித் தேதி எல்லாவற்றையும் அவள் படித்துக் காட்டினாள். நுரை கலக்கி ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போயிற்று. டாக்டர் ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே ஏற்றினார், அளவு மீறவில்லை, போனும் வரவில்லை. படுத்த நிலையிலேயே காலுறை மாட்டினாள். பிறகு வராந்தாவில் அரை மணி நேர நடை. அண்ணனும் தங்கையும் போகிறதும் வருகிறதுமாக நடந்தார்கள். கைப்பையை அவர் கடைசிவரை கொடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவர், “உன் முன்னாடி அந்த டாக்டர் பொட்டிப் பாம்பா நிக்கிறாரேடி” என்றார். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு கிடைத்த ஒரு வரி. அவள் அதை நாலு நாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் போன் பண்ணினாள். நாத்தனார் “நல்லாத்தான் இருக்கேன் அண்ணி, கஸ்டமர் வந்துட்டாங்க” என்று வைத்துவிட்டாள். குரலில் ஏதோ இடித்தது. காலுறையைக் கழற்றி வீசியிருப்பாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நினைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேரே பார்லருக்குப் போனாள்.

நாத்தனார் வாடிக்கையாளர்கள் உட்கார்கிற நாற்காலியில் தானே உட்கார்ந்திருந்தாள். இடது செருப்பின் வார் கழற்றி விட்டிருந்தது. நர்ஸ் வணக்கம்கூடச் சொல்லாமல் கீழே குந்தினாள். காலுறை காலில்தான் இருந்தது. உருவிப் பார்த்தாள். கெண்டைக்கால் சுட்டது. அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. நாத்தனார் பல்லைக் கடித்தாள். பையிலிருந்து டேப்பை எடுத்து இரண்டு காலையும் ஒரே உயரத்தில் அளந்தாள். இடது கால் மூன்று சென்டிமீட்டர் பெரிது.

 பயம் வந்ததும் அவளுக்குத் தெரிந்த ஒரே பாஷை திட்டுதான்.

“நடக்கச் சொன்னேனே, நடந்தியா?”

“நடந்தேன் அண்ணி. தெனம்.”

“காலுறைய எப்பக் கழட்டின?”

“தூங்கும்போது மட்டும்தான்.”

“என்கிட்ட கத விடாத. சொன்னதச் செஞ்சிருந்தா இது வந்திருக்காது. ஒம்பது வருஷத்துல ஒருத்தருக்கும் வரல.”

 கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தில் வேர்த்திருந்தது. எப்போதிருந்து வலி என்று கேட்டால் முந்தாநாளிலிருந்து என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் குனிந்து செருப்பின் வாரை மாட்டப் பார்த்தாள். நர்ஸ் கிளினிக்குக்குப் போன் போட்டாள். “ஊசிக்குப் பின்னாடி கொஞ்சம் வீக்கம் சகஜம்தானே, நாளைக்குக் கூட்டிட்டு வாங்களேன்” என்றார் டாக்டர். போனை வைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற இருபது நிமிடமும் நாத்தனாரின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதா என்று மூன்று தரம் கேட்டாள். இல்லை என்ற பதிலை முதல்முறையாக நம்ப முடியாமல் இருந்தது.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் ஒரு பொடிசு. இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். தூக்கமில்லாத கண், கசங்கிய கோட்டு, கோட்டுப் பையில் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். இதுவா பார்க்கப்போகிறது என்று நர்ஸுக்கு எரிச்சலாக வந்தது. தானே முந்திக்கொண்டு மருந்தின் பெயர், வீரியம், அளவு, தேதி எல்லாம் ஒப்பித்தாள்.

“கேக்க வேண்டியதெல்லாம் நானே கேட்டாச்சும்மா. ஒம்பது கேள்வி. எல்லாத்துக்கும் இல்ல.”

“சரிங்க. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

“நான் நர்ஸ். ஊசி போட்டப்ப கூடவே இருந்தவ.”

“புரியுதுங்க. அதனாலதான். வெளிய இருங்க.”

அந்தப் பொடிசு திரையை இழுத்து மூடிவிட்டது. நர்ஸ் திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவமானத்தில் காது சூடாகியிருந்தது. உள்ளே முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு பேச்சு. என்ன பேசுகிறார்கள் என்று கேட்க, காதைத் திரையோடு ஒட்டவைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சன்னமாகப் பேசினாள் அந்த டாக்டர். முதலில் வேலையைப் பற்றித்தான் கேட்டாள். எத்தனை மணி நேரம் நிற்பீர்கள், யாராவது உதவிக்கு உண்டா, வலி வந்து எத்தனை நாள். நர்ஸுக்கு ஆத்திரமாக இருந்தது. ரத்தம் கட்டிக் கிடக்கிறது, இது உட்கார்ந்து குசலம் விசாரிக்கிறது.

“மாத்திரை ஏதாவது எடுக்குறீங்களா? டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான்னு இல்ல. நீங்களா கடைல வாங்குறதும் சொல்லலாம். நெறைய பேர் வாங்குறாங்க. வீட்டுக்காரங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன்.”

 பக்கத்துப் படுக்கையில் யாரோ இருமினார்கள். அந்த டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அடுத்த கேள்விக்கும் போகவில்லை.

“கருத்தடை மாத்திரை” என்றாள் நாத்தனார். “எட்டு மாசமா.”

“ஊசி போடுறதுக்கு முன்னாடி சொன்னீங்களா?”

“கேட்டாங்க. சொல்ல முடியல.”

நர்ஸுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏழு வருஷமாக நல்ல பெயர் எடுத்தவள், இந்த வயதில், யார் அவன் என்று மனசு ஓடியது. பார்லருக்குச் சாயம், ஷாம்பு எல்லாம் வேனில் கொண்டுவந்து இறக்குகிற அந்த அமைதியான ஆள், பெண்டாட்டி செத்தவர், நினைவுக்கு வந்தார். அப்படியா சங்கதி என்று நினைத்தாள். என் மூஞ்சியைப் பார்த்துக் கூசாமல் பொய் சொல்லிவிட்டாளே என்று பல்லைக் கடித்தாள்.

அப்புறம் தன் குரல் அவளுக்கே கேட்டது. உனக்கு எதுக்கு அந்தக் கண்றாவி. கணவர் பலமாகச் சிரித்தது, டாக்டர் சிரித்தது, கடைசியில் ஒரு நொடி தாமதமாக நாத்தனார் சிரித்தது. அந்தத் தாமதத்தை ஊசி பயம் என்றல்லவா நினைத்தாள். அரைகுறையாகத் துணி விலக்கிப் படுத்துக் கிடக்கிற ஒருத்தி, தெருவுக்கே ஒலிபரப்புகிற தன் அண்ணனை ஆறடி தள்ளி வைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்புக்கு நடுவே வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

அதோடு விடவில்லை மனசு. அம்மா தலைமாட்டில் நிற்கப் படுத்திருந்த அந்தக் கல்லூரிப் பெண். ஏழாவது கேள்விக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றாள். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டிருந்த இன்னொருத்தி. மேனேஜரம்மா எட்டிப் பார்க்கிற கதவு, போன் ஏந்திய டாக்டர், மறைப்பு இல்லாத மேஜை. சொந்தக்காரர்களை உள்ளே விடக் கூடாது என்று அவளே போட்ட சட்டத்தை அவளே எத்தனை தரம் மீறியிருக்கிறாள், தன் கணீர்க் குரலுக்கு ஆள் வேண்டுமென்று. நாலாயிரம் ‘இல்லை’. அதில் எது நிஜம், எது பொய், யார் கால் யார் புண்ணியத்தில் பிழைத்தது, ஒன்றும் தெரியாது. மேனேஜரம்மா பேனாவால் போட்ட குறியைத்தான் இவள் தொண்டையால் போட்டிருக்கிறாள். மக்குகளை எண்ணிக்கொண்டே வந்தவள் தன்னை எண்ண மறந்துவிட்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஆழத்து ரத்தக்குழாயில் கெண்டைக்காலிலிருந்து முழங்காலின் பின்பக்கம்வரை கட்டியிருந்தது. மேலே ஏறவில்லை. ரத்தம் இளக்குகிற ஊசியை உடனே ஆரம்பித்தார்கள். “நாளைக்குன்னு விட்டிருந்தா கஷ்டமாயிருக்கும். நீங்க இன்னிக்கே கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு” என்றாள் அந்த டாக்டர். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக் கவனித்தபோது நர்ஸுக்கு, இவ்வளவு நேரம் பொடிசு என்று நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

திரைக்குள் போனாள். முக்காலியில் உட்கார்ந்தாள். படுத்திருக்கிறவர்களின் முகம் அங்கிருந்து பார்த்தால் நேருக்கு நேர் தெரிந்தது. இத்தனை வருஷம் நின்றுகொண்டே கேட்டிருக்கிறாள்.

“உங்களுக்குக் கேட்டிருச்சா அண்ணி?”

“கேட்டுச்சு.”

நாத்தனார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “கல்யாணம் பண்ணிக்கலாம்னுதான் இருக்கோம். அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாள் போயிருச்சு. நானே சொல்லணும். இப்படி ஆஸ்பத்திரி வழியா அவருக்குத் தெரியக் கூடாது.”

“எனக்காவது சொல்லியிருக்கலாம். தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்த.”

“உங்ககிட்டயா?” நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். “என் கடைக்கு வர்றவங்க எல்லாத்தையும் சொல்லுவாங்க அண்ணி. புருஷன் அடிச்சது, புள்ள ஓடிப்போனது, எல்லாம். நான் ஒன்னுமே கேக்குறதில்ல. அவங்களப் பாத்துச் சிரிக்கிறதும் இல்ல. அவ்வளவுதான்.”

 நர்ஸ் கையை நீட்டி நாத்தனாரின் காலைப் போர்வையால் மூடினாள். மூட வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

வெளியே கணவரின் குரல் கேட்டது. ஸ்கேன் முடிந்ததும் அவள் போனில் சொல்லியிருந்தாள், டெப்போவிலிருந்து நேரே வந்திருந்தார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“என்ன ஆச்சு? ரத்தம் கட்டிருச்சாமே. எப்படிக் கட்டுச்சு? நீதான பக்கத்துல இருந்து பாத்த?”

“ஆமா.”

“ஒம்பது கேள்வி, ஒம்பது வருஷம்னு அளந்தியே. டாக்டரையே கை கட்டி நிக்க வெச்ச. என்ன கிழிச்ச? எப்படி இப்படி ஆகும்?”

திரைக்குப் பின்னால் நாத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

“ஒரு கேள்விய நான் சரியா கேக்கல” என்றாள்.

“எந்தக் கேள்விய?”

“ஒரு கேள்வி. கேக்குற விதமா கேக்கல. தப்பு என்மேலதான்.”

 அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். முதலில் தங்கையின் மகளுக்கு, அடுத்து தன் அக்காவுக்கு, அதற்கடுத்து டெப்போவுக்கு. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னார். எங்க வீட்டம்மாதான், ஆமா, கேக்க வேண்டியதக் கேக்காம விட்டுட்டா, அவளே ஒத்துக்கிட்டா. அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் கடைசி பஸ் கண்டக்டருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றிருந்தது.

அவர் நாலாவது போனுக்கு வெளியே போன பிறகு அவள் உள்ளே போனாள். நாத்தனார் அழுதுகொண்டிருந்தாள்.

“எனக்காக இவ்வளவு பெரிய பொய்யத் தலைல தூக்கிப் போட்டுக்கிட்டீங்களே அண்ணி” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அது பொய் இல்லை என்று சொல்ல நர்ஸ் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. பிடித்த கையை விடாமல் முக்காலியில் உட்கார்ந்தாள்.